நம்ம ஆத்து மீனைக் காப்போம்

பாவூர்சத்திரம் வட்டாரச் சகோதரிகளே! குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணிப் பகுதியில் மட்டுமே வாழும் ஒரு சின்னக் கெண்டை உண்டு. ஆற்றின் பெயரையே வைத்து 'டாக்கின்சியா தாம்பிரபர்ணியை' என்று அழைக்கிறார்கள். ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும். அழியும் நிலையில் உள்ள மீன்கள் பட்டியலில் இதுவும் இருக்கு.

குளம் குத்தகை எடுக்கும் குழுக்கள் கவனிங்க! ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-லேயே தடை போட்டது. சீக்கிரம் வளரும்னு சொல்லி யாராவது குஞ்சு தந்தா வாங்காதீங்க. குளம் மறுகால் பாயும்போது அது ஆத்துக்குத் தப்பிப் போய் சின்ன மீன்களைத் தின்னுடும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுங்க, வருமானமும் வரும்.

கூட்டத்தில் பேசுங்க: உங்க ஊர்க் குளத்தில் முன்பு இருந்து, இப்ப காணாமப் போன மீன்கள் எவை?