பதவியும் பெருமையும்

நுழையும் முன்

ஆட்சிப் பொறுப்பை ஏற்றோர் பலர். அவர்களுள் சிலரையே மக்கள் தலைமுறை கடந்தும் நினைக்கின்றனர். இதற்குக் காரணம் யாது? பெருந்தலைவர் காமராசரின் பொதுவாழ்வைக் கொண்டு இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

பாடம்

மாணவர்களே! தேர்தலில் வென்று பொறுப்பேற்கும் தலைவர்களுள் பெரும்பாலோர் தமக்குரிய கடமைகளைச் செய்து, காலம் முடிந்ததும் நீங்குகின்றனர். அவர்களை இகழ்தல் தகாது. அன்றாட ஆட்சி அவர்களாலேயே நடைபெறுகிறது. ஆயினும் இயல்பான தலைவர், தம் பதவி நிலைக்குமா என்பதை எண்ணியே பல முடிவுகளை எடுப்பார். சிறந்த தலைவரோ, தம் பதவியால் யாருக்குப் பயன் விளையும் என்பதை முதலில் எண்ணுவார். இவ்வேறுபாட்டைக் காமராசரின் செயல்கள் மூன்றில் காணலாம்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் அவரது பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1954இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

முதற்செயல், போட்டியிட்டவரையும் அரவணைத்தமை. முதலமைச்சர் பதவிக்கான கட்சித் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் மீ. பக்தவத்சலம். வெற்றி பெற்ற காமராசர் இவ்விருவரையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எதிர்த்தவரை ஒதுக்குதல் எளிது; அவரது திறமையை நாட்டுக்குப் பயன்படுத்துதல் அரிது. அதே சுப்பிரமணியம் பின்னர் நடுவண் அரசில் உணவு, வேளாண்மை அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தார்.

இரண்டாம் செயல், வாக்குரிமை இல்லாதோருக்காக உழைத்தமை. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வாராமையைக் காமராசர் கண்டார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசின் நிதியோடு ஊர் மக்களின் நன்கொடையும் அதற்குத் துணைநின்றது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் முன்னரே நடந்த முயற்சி, இப்போது சிற்றூர்களுக்கும் சென்றது. புதிய பள்ளிகள் பல திறக்கப்பட்டன.

இங்கு ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். அக்காலத்தில் வாக்களிக்கும் வயது 21. ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வாக்களிக்கப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தேர்தலோ ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும். எனவே, அடுத்த தேர்தலை மட்டும் எண்ணும் ஒருவர் ஆறு வயதுக் குழந்தையின் படிப்புக்கு முதலிடம் தருவது கடினம். காமராசர் தந்தார்.

மூன்றாம் செயல், பதவியைத் தாமே துறந்தமை. மூத்த தலைவர்கள் ஆட்சிப் பதவிகளை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் ஒரு திட்டம் வகுத்தார். அது 'காமராசர் திட்டம்' எனப்பட்டது. அத்திட்டத்தின்படி 1963இல் ஆறு முதலமைச்சர்களும் ஆறு நடுவண் அமைச்சர்களும் பதவி விலகினர். பிறருக்குக் கூறியதைத் தாமும் செய்து, அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியிலிருந்து நீங்கினார்.

இவற்றால் அவருக்கு என்றும் வெற்றியே கிடைத்தது என எண்ண வேண்டா. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது. அவரும் சொந்த ஊராகிய விருதுநகரில் தோற்றார். ஆனால் அவர் வளர்த்த பணி தோற்கவில்லை. வேறு கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982இல் உணவுத் திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. இன்று ஐதராபாத்தின் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மதிய உணவு உண்கின்றனர்.

ஒருவர் நீங்கிய பின், மாற்றுக் கட்சியினரும் கைவிட மனமின்றித் தொடரும் பணி எதுவோ, அதுவே அவரது தலைமையை அளக்கும் கோல்.

அறிந்துகொள்வோம்

ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ள சஞ்சீவய்யா பூங்காவை நீங்கள் பார்த்திருக்கலாம். அப்பெயருக்குரிய தாமோதரம் சஞ்சீவய்யா, 1960 முதல் 1962 வரை ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்தவர். பின்னர் காங்கிரசுக் கட்சியின் அகில இந்தியத் தலைவரானார். அவரை அடுத்து 1964இல் அப்பொறுப்பை ஏற்றவர் காமராசர்.

சொல்லும் பொருளும்

அரவணைத்தல் – அன்போடு சேர்த்துக்கொள்ளுதல்
நடுவண் அரசு – மத்திய அரசு
துறத்தல் – விட்டு நீங்குதல்
கோல் – அளக்கும் கருவி

பயிற்சி

1. காமராசரின் பள்ளிப் படிப்பு ஏன் நின்றது?
2. சி. சுப்பிரமணியத்தை அமைச்சராக்கியது காமராசரின் எப்பண்பைக் காட்டுகிறது?
3. குழந்தைகளின் கல்விக்கு முதலிடம் தருவது தலைவருக்கு ஏன் கடினம்? பாடத்தில் உள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
4. பிரித்து எழுதுக: பதவியிலிருந்து, முதற்செயல், அவ்வாண்டு.
5. கலந்துரையாடுக: தேர்தலில் தோற்ற ஒருவரைச் சிறந்த தலைவர் எனலாமா? இரு பக்கக் கருத்துகளையும் கூறுக.
6. செயல்பாடு: ஊரிலுள்ள தாத்தா, பாட்டியிடம் பேசுங்கள். அவர்களோ உறவினரோ பள்ளியில் மதிய உணவு உண்டு படித்தனரா எனக் கேளுங்கள். அவர்கள் கூறுவதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.