தினமும் பெருக்கியும் இளைப்பு ஏன்?

“வீட்டைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன் டாக்டர். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பெருக்கறேன். போன மாசம் வாக்குவம் கிளீனரும் வாங்கியாச்சு. அப்புறமும் இந்த வீசிங் ஏன் விடமாட்டேங்குது?”

என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறு மாதமாக என்னிடம் வருகிறார். ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குறையும், மறுபடியும் வரும். நான் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேனே தவிர, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அன்றுதான் கேட்டேன்.

“இளைப்பு எப்பம்மா அதிகமா இருக்கு?”

“காலையில வீட்டு வேலையை முடிச்சுட்டு உட்கார்றேன் பாருங்க, அப்பத்தான்.”

“வீட்டை யார் பெருக்கறது?”

“நான்தான் டாக்டர். வேற யாரு?”

விஷயம் விளங்கிவிட்டது. சித்த மருத்துவத்தில் காப்பு, நீக்கம், நிறைப்பு என்று மூன்று சொல்வோம். நோய் வராமல் தடுப்பது காப்பு. வந்ததைப் போக்குவது நீக்கம். போன பிறகு உடம்பைத் தேற்றுவது நிறைப்பு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த பாடம் இது. அதில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

தூசிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டுத் தூசி வெறும் மண் அல்ல. துணி இழை, அடுப்புக் கரி, கரப்பான் பூச்சியின் எச்சம், மழைக்காலத்துப் பூஞ்சை, நம் தோலிலிருந்து உதிரும் செதில் எல்லாம் அதில் உண்டு. அந்தச் செதிலைத் தின்று வாழும் ஒரு சின்ன உயிர்தான் தூசிப்பூச்சி. நீளம் சுமார் 0.3 மில்லி மீட்டர். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தூசியால் வரும் அலர்ஜிக்கு இந்தப் பூச்சியே முக்கியக் காரணம் என்று 1964-ல் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இது நம்மைக் கடிப்பதில்லை. அதன் கழிவில் இருக்கும் புரதம் மூச்சுக் குழாய்க்குள் போகும்போதுதான், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு எல்லாம் வருகிறது.

இது தண்ணீர் குடிக்காது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். ஆகவே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். அது அதிகமாகக் குடியிருக்கும் இடம் எது தெரியுமா? தரை அல்ல. நாம் படுக்கும் மெத்தை, தலையணை, அப்புறம் சோபா, கார்ப்பெட்.

இப்போது புரிகிறதா? அந்தப் பெண்மணி இரண்டு வேளையும் தரையைத் தேய்த்தார். பூச்சி மெத்தையில் சுகமாக இருந்தது. உலர்ந்த பூந்துடைப்பத்தை வேகமாக வீசும்போது, தரையில் அடங்கிக் கிடந்த தூசி எழும்பி நேரே அவர் மூக்குக்குள் போயிற்று.

வாக்குவம் கிளீனர் உதவுமா?

இந்த மெஷினுக்கும் இளைப்புக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கான்டன் நகரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட்டைப் பெருக்கும்போது எழும்பும் தூசியைத் தாங்க முடியாமல், ஒரு மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்துத் தானே ஒரு கருவியைக் கட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹூவர் குடும்பத்தார் அந்த உரிமையை வாங்கித்தான் உலகம் பூராவும் விற்றார்கள்.

ஆனால், ஒன்று கவனியுங்கள். மெஷின் உறிஞ்சும் காற்று, பின்பக்கமாக வெளியே வந்தாக வேண்டும். பை சரியில்லை, பில்டர் சாதாரணமானது என்றால் பெரிய தூசி உள்ளே தங்கும். நுண்ணிய தூசி பின்னால் கிளம்பி அறை முழுக்கப் பரவும். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் ‘ஹெப்பா’ பில்டர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? கார்ப்பெட், மெத்தென்ற சோபா இருந்தால் வாரம் இரண்டு தடவை. மொசைக், டைல்ஸ் தரைக்கு மெஷின் கட்டாயமில்லை. நன்றாகப் பிழிந்த ஈரத் துணி போதும். மெத்தைக்கு மாதம் இரண்டு தடவை, இரண்டு பக்கமும். உயிரோடு இருக்கும் பூச்சி துணி இழையை இறுகப் பிடித்துக்கொள்ளும். மெஷினுக்கு முழுசாக வராது. அதனால் மெஷினை மட்டும் நம்பக் கூடாது.

பையை வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் காலி செய்ய வேண்டும். பெருக்கி முடித்து அரை மணி நேரமாவது இளைப்புக்காரர் அந்த அறைக்குள் போகாமல் இருப்பது நல்லது. கிளம்பிய தூசி அடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

பாட்டி செய்தது சரிதான்

நம் வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போடுவார்களே, அதைவிடச் சிறந்த வைத்தியம் கிடையாது. உச்சி வெயிலில் நாலு மணி நேரம், புரட்டிப் புரட்டிப் போட்டால் சூட்டிலும் வறட்சியிலும் பூச்சி செத்துப் போகும். பிறகு மாடியிலேயே தட்டிவிட்டுக் கொண்டுவர வேண்டும். தட்டுகிறவர் இளைப்பு இல்லாதவராக இருக்கட்டும்.

படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்க வேண்டும். 60 டிகிரி சூடு இருந்தால் பூச்சி மிஞ்சாது. வாஷிங் மெஷின் இல்லாதவர்கள் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் துவைக்கலாம்.

பாட்டி செய்த இன்னொன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சாம்பிராணிப் புகை. “சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?” என்று கேட்பீர்கள். மணம் நல்லதுதான். ஆனால் எந்தப் புகையும் இளைப்புக்காரருடைய மூச்சுக் குழாய்க்கு ஆகாது. கொசுவர்த்திக்கும் இதே சட்டம்தான்.

பாத்ரூம் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் கிளம்பும் குளோரின் வாயு நல்ல நுரையீரலையே புண்ணாக்கிவிடும்.

துடைப்பம் யார் கையில்?

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி கணவரோடு வந்தார். கணவருக்குக் கொஞ்சம் கோபம்.

“மருந்து வாங்கித் தர்றேன், மெஷினும் வாங்கிக் குடுத்தாச்சு. இன்னும் நான் என்ன சார் வாங்கணும்?”

“அவங்க கையில இருக்கிற துடைப்பத்தை வாங்குங்க” என்றேன்.

மனிதர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “அம்மா ஏதாவது சொல்லுவாங்க...” என்று இழுத்தார்.

“அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்” என்றேன். தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெத்தை அவர் தோளில் மாடிக்கு ஏறியதாம். ஒட்டடை அடிப்பதும் மெஷின் போடுவதும் இப்போது அவர் வேலை. அந்த நேரம் மனைவி மாடியில் துணி காயப்போடுகிறார்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது, “ராத்திரி எழுந்திரிக்காம தூங்கறேன் டாக்டர்” என்றார். நோய் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலரை நிறுத்திவிடட்டுமா என்றும் கேட்டார். கூடாது என்றேன். அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ, அதை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தூசி அந்த அம்மாவின் மூக்கிலும்தான் ஏறுகிறது. ஒட்டடை அடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு நல்ல மாஸ்க் கொடுங்கள்.

வெட்டி ஒட்டிக்கொள்ள ஒரு பட்டியல்

தினமும்: ஜன்னலைத் திறந்து வைத்துப் பெருக்குதல்; ஈரத் துணியால் தரை துடைத்தல்.

வாரம் ஒரு முறை: படுக்கை விரிப்பு, உறைகளை வெந்நீரில் துவைத்தல், மின்விசிறி இறக்கை, அலமாரி மேல்பகுதியை ஈரத் துணியால் துடைத்தல்.

வாரம் இரு முறை: கார்ப்பெட், சோபாவுக்கு வாக்குவம் கிளீனர்.

மாதம் இரு முறை: மெத்தை, தலையணைக்கு வெயில் அல்லது வாக்குவம் கிளீனர்; மெஷினின் பில்டரைப் பார்த்துச் சுத்தம் செய்தல்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை: ஒட்டடை, திரைச்சீலை, பரண்.

முக்கியமாக, இதில் எதையும் இளைப்பு உள்ளவர் தலையில் கட்டாதீர்கள். போகிக்கு ஒரு நாள் மட்டும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவதைவிட, வீட்டில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாக வருஷம் முழுக்கச் செய்தால் மூச்சும் மிச்சம், மருந்துச் செலவும் மிச்சம்!