பேட்டி பாஸானால் கிரீன் கார்டா?

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். போன வாரம் ஓர் அம்மா கைப்பேசியை நீட்டினார். இலங்கையிலிருந்து வந்து முகாமில் பிள்ளையை வளர்த்தவர். மகன் இப்போது அமெரிக்கத் தடுப்பு மையத்தில் இருக்கிறான்.

“ஐயா, மகன் கிரெடிபிள் ஃபியர் பாஸாயிட்டானாம். இனிக் கிரீன் கார்ட்தானாம். மிச்சக் காசைக் கட்டச் சொல்லி ஏஜென்ட் நிக்கிறார்.”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எத்தனை முறை சொல்வது? பாவு தறியில் ஏறியதற்கே சேலையின் முழு விலையைக் கொடுப்பார்களா?

1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய தாள்கள் இல்லாமல் எல்லையில் பிடிபட்டவரை விசாரணையின்றியே அமெரிக்கா வெளியேற்றலாம். திரும்பிப் போகப் பயம் என்று சொன்னால் ஓர் அதிகாரி ‘கிரெடிபிள் ஃபியர்’ பேட்டி எடுப்பார். அடைக்கலத்துக்குத் தகுதி இருப்பதை இவர் நிரூபிக்கக் கணிசமான வாய்ப்பு உண்டா என்பதை அவர் பார்ப்பார். உண்டு என்றால் அந்த அவசர வெளியேற்றம் நிற்கும். பெரும்பாலும் குடிவரவு நீதிபதி முன் ஆஜராகும்படி அறிவிப்பு வரும்.

அந்த அம்மா வெற்றிப் பத்திரமாக நினைத்துக் காட்டியதே அந்த அறிவிப்பைத்தான். மகனை ஏன் நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்ற குற்றச்சாட்டு அதன் முதல் பக்கத்திலேயே இருந்தது! வழக்கு இனிமேல்தான். அதிகாரியின் முடிவு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் ஐ-589 படிவத்தில் அடைக்கல மனு போட வேண்டும். அதில் ஜெயித்து, மேலும் ஓராண்டு கழிந்த பிறகே கிரீன் கார்ட் கிடைக்க வழி உண்டு.

மற்ற நம்பிக்கைகளையும் பார்த்துவிடுவோம்.

“பயம் உண்மையானால் போதும்.” போதாது. இலங்கைத் தமிழர் விஜயகுமார் துரைசிங்கம் 2017இல் எல்லை தாண்டினார். அவரை ஆட்கள் கடத்தி அடித்ததை அதிகாரி நம்பினார். யார், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. முதல் பேட்டியிலேயே தோற்றார். உச்ச நீதிமன்றமும் 2020 ஜூன் 25 அன்று 7-2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

“கடன் தொல்லை என்று சொல்லலாம்.” இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஆகிய ஐந்தில் ஒன்றுக்காக வரும் துன்புறுத்தலையே சட்டம் கணக்கில் எடுக்கும். கந்துவட்டியும் ஜரிகை விலையும் அதில் இல்லை.

“உடனே வெளியே விட்டுவிடுவார்கள்.” வழக்கு முடியும்வரை அடைத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தற்காலிகமாக விடுவிப்பது அரசின் விருப்பம்.

“அரசே வக்கீல் வைத்துத் தரும்.” தராது. சொந்தச் செலவில் வைக்க வேண்டும், அல்லது இலவச சட்ட உதவி அமைப்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

“வேலை அனுமதி தானாக வரும்.” வராது. அடைக்கல மனு போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இனி என் மேசைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும் என்கிறது குடிவரவு நீதிமன்றம். அந்தப் பையனின் பள்ளிச் சான்றில் பிறந்த தேதி 12. முகாம் பதிவில் 21. தகப்பன் பெயர் இரண்டிலும் இரண்டு எழுத்துக்கூட்டல். அரசு வக்கீல் பிடித்து இழுப்பது இந்த இழையைத்தான். ஒரு பொய்யும் சொல்லாதவன் பொய்யனாக நிற்பான். வேறுபாடு ஏன் வந்தது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்து அனுப்பாதீர்கள்.

விசாரணை என்றைக்கு என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். தெரியவில்லை. தேதி அந்த அறிவிப்புத் தாளிலேயே இருந்தது; ஏஜென்ட் சொல்லவில்லை. அந்த நாளில் ஆஜராகாவிட்டால், ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போடலாம். வெளியே விடப்பட்டவர் வீடு மாறினால் 5 நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய் தகப்பன்மாரே, ஏஜென்ட் கையில் இன்னொரு ரூபாய் வைக்காதீர்கள். அந்தக் காசு வக்கீலுக்கு வேண்டியிருக்கும். இன்றைக்கே அந்தத் தாளை எடுத்து, விசாரணைத் தேதியைப் படியுங்கள்.