நம்பிக்கைகளும் உண்மைகளும்: 99-ஆ, 100-ஆ?

குவைத்தில், ஃபஹாஹீலுக்குத் தெற்கே கடலோரமாக மினா அல்-அஹ்மதி, ஷுஐபா, மினா அப்துல்லா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். ஷுஐபா ஆலை 2017-இல் மூடப்பட்டது. மற்ற இரண்டும் ஓடுகின்றன. பம்பும் மோட்டாரும் அதிரும் விதத்தைப் பார்த்தே நோய் சொல்லும் டெக்னீஷியன்கள் நம்மவர்களில் உண்டு. அவர்கள் பேச்சில் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர்கள் வந்தாலே சில நம்பிக்கைகளும் கூடவே வரும்.

முதலாவது: "பழைய பெட்டி, அதனால்தான் இவ்வளவு மெதுவு." ஹியூலட்-பேக்கார்டின் பழைய அனலைசரான 3580ஏ, 5 ஹெர்ட்ஸ் முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். 1 ஹெர்ட்ஸ் வடிகட்டியை வைத்து அது துழாவ ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் வயது அல்ல. குவைத் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இருமுனை மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு 2,970 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள்; விநாடிக்கு 49.5 சுற்று. தண்டு நேர்கோட்டில் இல்லாவிட்டால் அதிர்வு பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 99 ஹெர்ட்ஸில் எழும். ஸ்டேட்டரில் கோளாறு என்றால் மின்சாரத்தின் இரட்டிப்பில், சரியாக 100-இல். ஒன்றுக்கு ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும், மற்றதற்கு எலக்ட்ரீஷியனை. இந்த 1 ஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிரிக்கக் குறைந்தது ஒரு விநாடி சிக்னல் வேண்டும், 0.1 ஹெர்ட்ஸைப் பிரிக்கப் பத்து விநாடி. நேற்று வாங்கிய கருவிக்கும் இதே கணக்குதான். எஃப்எஃப்டி (வேக ஃபூரியே மாற்றம்) முறை எல்லா அலைவெண்ணையும் ஒரே நேரத்தில் கணக்கிடுவதால் துழாவும் நேரம் மிச்சமாகும். காத்திருக்கும் நேரம் மிச்சமாகாது.

அந்த எஃப்எஃப்டியும் நேற்று வந்ததல்ல. கூலி, டூக்கி இருவரின் கட்டுரை 1965-இல் வந்தது. 1970-களின் இறுதியில் வந்த ஹியூலட்-பேக்கார்டின் 3582ஏ அதை மேசைக்கே கொண்டுவந்தது: 0.02 ஹெர்ட்ஸ் முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை.

"என் ஸ்கோப்பிலேயே எஃப்எஃப்டி பட்டன் இருக்கே?" இருக்கிறது. ஆனால் சாதாரண ஆஸிலோஸ்கோப் 8 பிட். சிக்னலை 256 படிகளாகத்தான் பார்க்கும். பெரிய அதிர்வுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பக்கவலை அதில் எளிதில் தொலைந்துபோகும். அதற்காகப் பழசே சிறந்தது என்று வாதாடும் பிரியர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய நல்ல 24 பிட் பதிவுக் கருவி அந்தப் பழைய அனலைசர்களைத் துல்லியத்தில் தாண்டிவிடும்.

"தொடாமல் வைத்திருந்தால் கெடாது" என்பதுதான் இந்த ஊரில் ஆபத்தான நம்பிக்கை. வெப்பம் ஏற ஏற எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் குறையும். பத்து டிகிரிக்குப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஏசி இல்லாத குடோனில் கிடந்த பெட்டி, பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தாலும் உள்ளே வற்றியிருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவியானால் பின்பக்க வோல்டேஜ் தேர்வியை முதலில் பாருங்கள். 120-இல் இருப்பதை இங்குள்ள 240-இல் சொருகினால் புகைதான் வரும். படிக்கவும் பழகவும் இவை அருமையான கருவிகள். ஆலை மோட்டாரை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவுக்கு மட்டும் அளவுத்திருத்தச் சான்று உள்ள கருவியையே நம்புங்கள்.