பழுத்து விழும் முன்னே சேர்த்து வைப்போம்



சிங்களத்தில் ‘வரக்கா’ என்றால் சுளை கெட்டியான பலாப்பழம். ‘பொல’ என்றால் சந்தை. நாம் இருக்கும் வரக்காப்பொலையின் பெயரைச் சொன்னாலே பலா மணக்கிறது. கொழும்பு - கண்டி ரோட்டில் போகிறவர்கள் இங்கே இறங்கி எள்ளுருண்டையாகிய ‘தலகுலி’ வாங்கிப் போவார்கள். ஆனால் லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில், ரப்பர் மலை ஓரத்தில் என்ன நடக்கிறது? சித்திரை தொடங்கி ஆடி வரை பிலாப்பழம் பழுத்து விழுந்து, ஈ மொய்த்து, மண்ணோடு மண்ணாகிறது. அதே வீட்டில் தை, மாசியில் கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதுதான் இன்றைய பாடம்.

ஏன் சேர்த்து வைக்க வேண்டும்?

குளிர் நாடுகளில் இலை உதிரும் காலம் வருமுன்னே கிராமத்து மக்கள் காட்டுப் பழங்களைப் பொறுக்கி, காயவைத்தும் சீனிப்பாகில் காய்ச்சியும் வைத்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் ஒன்றும் விளையாது என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்குப் பனி இல்லை. ஆனால் நம்ம பக்கத்திலும் இலை உதிர்கிற மரம் ஒன்று இருக்கிறது. அதுதான் ரப்பர். வருசத்தின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது இலை உதிர்க்கும், பாலும் குறையும். வெயில் கூடினால் தேயிலையிலும் கொழுந்து குறையும். அடைமழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும். பேர் குறைந்தால் சம்பளம் குறையும். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்குகிற செலவும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். நம்முடைய பனிக்காலம் அதுதான்.

பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளை அவர்கள் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. கிராமத்தவர்களுக்கு ஒரு துண்டு வயலோ, நாலு மரமோ இருந்தது. தோட்டத்து மக்களுக்குக் கூப்பனையும் சம்பளத்தையும் விட்டால் வேறு வழி இல்லை. அந்தக் காலத்தில் தோட்டங்களில் சாவு கூடியது. நம்மவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அந்தப் பஞ்சம் வரவில்லை. காணி இல்லாததால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியையோ நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி, அந்த வருசம் செப்டம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்தின வருசத்தைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. அப்போது எத்தனையோ வீடுகளில் ஒரு நேரச் சோற்றுக்குப் பதிலாக அவித்த பிலாக்காய்தான் இருந்தது. சிங்கள மக்கள் பலாவை ‘பத் கஹ’, அதாவது சோற்று மரம் என்று சொல்வது சும்மா இல்லை.

பழம் ஏன் கெடுகிறது?

பழத்தில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பூஞ்சணமும் தண்ணீர் இருந்தால்தான் வளரும். வெயில் தண்ணீரை எடுத்துவிடும். உப்பும் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். புளிப்பில் பல கிருமிகள் வளராது. அடுப்புப் புகை ஈரத்தை அண்ட விடாது. பூச்சியும் கிட்ட வராது. வெயில், உப்பு, புளிப்பு, புகை - இந்த நாலும் நம்ம கைக்கு எட்டினவைதான். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

1. பிலாக்காய் காயவைத்தல்

முற்றிய, ஆனால் பழுக்காத காயை எடுங்கள். கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் பால் ஒட்டாது. சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்ட கொதிநீரில் நாலைந்து நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் நிறம் கறுக்காது, சீக்கிரம் கெடாது. பிறகு சுத்தமான பாயிலோ சுளகிலோ பரப்பி, மெல்லிய துணியால் மூடி, மூன்று நாலு நாள் நல்ல வெயிலில் போடுங்கள்.

நம்ம பக்கம் மழைப் பக்கம். நடுவில் மழை வந்தால் என்ன செய்வது? பக்கத்துக் கிராமங்களில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் பரப்பி வைப்பார்கள். பகலில் வெயில், இரவில் அடுப்புச் சூடு. இப்படிக் காய்ந்ததைத்தான் அவர்கள் ‘அட்டு கொஸ்’ என்கிறார்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் நாமும் இதைச் செய்யலாம்.

ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த பிறகு நிறை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். சூடு ஆறியதும் காய்ந்த போத்தலிலோ டின்னிலோ இறுக மூடி வையுங்கள். சமைக்கிற அன்று காலையில் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கலாம். ஈரப்பிலாக்காயையும் இதே முறையில் காயவைக்கலாம்.

2. கொட்டையை மணலில் வைத்தல்

ஒரு பழத்தில் 100 முதல் 500 கொட்டை வரை இருக்கும். பெரும்பாலும் இதைத்தான் நாம் எறிந்துவிடுகிறோம். கொட்டையை நன்றாகக் கழுவி, வழுவழுப்புப் போகத் துடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பழைய மண்சட்டியில் ஓர் அடுக்கு காய்ந்த மணல், ஓர் அடுக்கு கொட்டை என்று மாறி மாறிப் போட்டு மூடி வையுங்கள். பல மாதம் இருக்கும். வெட்டுப்பட்ட கொட்டையை மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் அழுகும்.

பச்சையாகத் தின்னக் கூடாது. அவித்தோ சுட்டோதான் சாப்பிட வேண்டும். வறுத்து இடித்து, தேங்காய்ப்பூ, மிளகு, உப்பு சேர்த்து உருண்டை பிடித்தால் ‘அக்கல’ என்ற பலகாரம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குக் கடை பிஸ்கட்டைவிட நல்லது.

3. கொரக்காவும் தேசிக்காயும்

சின்னப் பூசணிக்காய் போல வரி வரியாக மஞ்சள் நிறத்தில் மரத்தடியில் விழுந்து கிடக்குமே, அதுதான் கொரக்கா. பழுத்ததைப் பொறுக்கி, இதழ் இதழாகப் பிரித்து, கொட்டையை நீக்கி வெயிலில் காயவையுங்கள். பிறகு பரணில் புகை படும்படி வைத்தால் கறுத்து இறுகும். கொஞ்சம் உப்புத் தடவிச் சட்டியில் போட்டால் வருசக் கணக்கில் இருக்கும். மீன் கறிக்குப் புளி வாங்கத் தேவையில்லை. கொரக்கா போட்ட மீன் அடுத்த நாளும் கெடாமல் இருப்பதற்கு அதன் புளிப்புத்தான் காரணம்.

தேசிக்காய் மலிந்த நேரத்தில் நாலாகக் கீறி, அடி பிரியாமல் உள்ளே உப்பை அடைத்து, தினமும் வெயிலில் வையுங்கள். தோல் சுருங்கி நிறம் மாறியதும் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மேலே தேசிப்புளி விட்டு மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பும் உப்பும் அதை அரித்துவிடும்.

கவனம் தேவை!

* தோட்டத்து மரம் கம்பனிக்குச் சொந்தம். துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்டுவிட்டுப் பறியுங்கள். நாட்டில் எடுத்தால் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
* மரம் ஏறுமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மழை ஈரத்தில் ஏறவே வேண்டாம்.
* தெரியாத காயை வாயில் வைக்கக் கூடாது. மஞ்சள் அலரி விதையும் கடுரு காயும் கடும் விஷம். பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.
* பூஞ்சணம் பிடித்ததைக் கழுவியோ மீண்டும் காயவைத்தோ சாப்பிடாதீர்கள். சில பூஞ்சணங்களின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது. மனசு கேட்காவிட்டாலும் எறிந்துவிடுங்கள்.

மரத்தையும் சேர்த்து வைப்போம்

பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவரை 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரிட்டிஷார் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தபின் அவர் நாடெங்கும் பலாக்கன்று நடச்சொல்லிப் பிரசாரம் செய்தார். பத்து லட்சம் மரம் என்பது அவருடைய இலக்கு. மக்கள் அவரை ‘கொஸ் மாமா’ என்று அன்போடு அழைத்தார்கள். பின்னால் வந்த 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. உயிர் காக்கிற மரம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பரணில் இருக்கும் பிலாக்காய் நியாயமான சம்பளத்துக்குப் பதிலாகாது. சொந்தக் காணிக்கும் பதிலாகாது. அவற்றைக் கேட்பது நம் உரிமை. ஆனால் அவை வரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! வீட்டில் பத்து நாள் சாப்பாடு இருக்கிற குடும்பம் கடைக்காரர் முன்னால் கூனி நிற்காது.

இந்த வருசம் ஒரே ஒரு பிலாக்காயோடு தொடங்குவோம். வழி தெரியாவிட்டால் நாட்டில் இருக்கும் அம்மாமாரிடம் கேட்போம். அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுப்பார்கள்.

வீட்டில் கூடிப் பேசுங்கள்

1. நம் லயத்தைச் சுற்றி என்னென்ன பழமரங்கள் இருக்கின்றன? எந்த மாதத்தில் காய்க்கின்றன?
2. சென்ற வருசம் எந்த மாதத்தில் கடைக் கடன் கூடியது?
3. அந்த மாதத்துக்காக இப்போதே எதைச் சேர்த்து வைக்கலாம்?