பொதுச் சர்வரில் நாள்கணக்கில் ஓடும் வேலைகள்: புதிதாகப் பொறுப்பேற்கும் நிர்வாகிக்கு



பலர் பகிர்ந்துகொள்ளும் லினக்ஸ் சர்வரில், பயனர் வெளியேறிய பிறகும் ஒரு பிராசஸ் ஓடுவது குற்றமல்ல. டெர்மினல் இணைப்பு அறுந்தால் அதில் ஓடும் வேலைக்கு சிக்ஹப் சிக்னல் போகும். தடுக்காவிட்டால் வேலை முடிந்துவிடும். அதைத் தாண்டி ஓடவைக்கவே நோஹப் இருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் அமர்வை உயிரோடு வைக்கும் ஸ்கிரீன் 1987-இலும் டிமக்ஸ் 2007-இலும் வந்தன. மூன்று நாள் சிமுலேஷன் ஓட்டும் ஆய்வு மாணவர் இவற்றை நம்பித்தான் லேப்டாப்பை மூடிவிட்டுப் போகிறார்.

2016-இல் வெளிவந்த சிஸ்டம்டி 230, பயனர் லாக்அவுட் செய்ததும் மிச்சமுள்ள பிராசஸ்களை முடித்துவிடுவதையே இயல்பு அமைப்பாக்கியது. குப்பையாகத் தங்கும் பிராசஸ்களை அகற்றுவது நோக்கம். டிமக்ஸில் விட்டுவந்த வேலைகளும் சேர்ந்தே போயின. எதிர்ப்பு கிளம்பியது, டெபியன் பழைய வழக்கத்துக்கே திரும்பியது. அதுவே சரியான முடிவு. லாக்அவுட்டில் பிராசஸ்களை முடிக்கும் அமைப்பு தேவைப்படும் இடத்தில், வெளியேறிய பிறகும் வேலைகளை ஓடவிட உதவும் லிங்கர் வசதியைப் பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும்.

பிஎஸ் கட்டளை ஒரு பிராசஸின் வயதை 41-06:12:33 என்று காட்டினால் அது 41 நாளாக ஓடுகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள சிபியு நேரத்தையும் பார்க்க வேண்டும். சில நொடிகளே என்றால் யாரோ திறந்துவைத்த எடிட்டராக இருக்கலாம். ஏறக்குறைய 41 நாளும் என்றால் அது உண்மையான கணக்கீடோ, முடிவில்லாச் சுழலில் சிக்கிய புரோகிராமோ. அவுட்புட் ஃபைல் வளர்கிறதா என்பது ஓரளவு சொல்லும், மீதியைப் பயனரிடம்தான் கேட்க வேண்டும். நிலை ‘டி’ என்றிருந்தால் அது டிஸ்க்குக்கோ என்எஃப்எஸ்ஸுக்கோ காத்திருக்கிறது. கில் -9 கூடப் பெரும்பாலும் பலிக்காது. சரிசெய்ய வேண்டியது அந்த டிஸ்க்கை அல்லது என்எஃப்எஸ்ஸை.

சிபியு நெருக்கடிக்கு நைஸ் அளவை 19 வரை உயர்த்தினாலே பல நேரம் போதும். நினைவகத்துக்கு அது உதவாது. ஒருவர் ரேமை முழுக்க விழுங்கினால், ஓஓஎம் கில்லர் சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் வேலையைக் கொன்றுவிடலாம். ஆகவே சிகுரூப் வழியாக ஒவ்வொரு பயனருக்கும் மெமரி வரம்பு வைப்பது அவசியம்.

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் சிக்டெர்ம், அவகாசம், கடைசியாகத்தான் சிக்கில். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் கூட நேர வரம்பு முடிந்த வேலைக்கு சிக்டெர்ம் அனுப்பி, இயல்பாக 30 நொடி பொறுக்கிறது. சிக்கில் வந்தால் தற்காலிக ஃபைல்களை அழிக்கவோ, பாதிக் கணக்கைச் சேமிக்கவோ புரோகிராமுக்கு வாய்ப்பே இல்லை. அந்தச் சிக்னலை அனுப்பும் முன் பயனருக்கு ஒரு மெயிலாவது போய்ச் சேரட்டும்.