செல் சவ்வு: பீட்ரூட் துண்டு கற்பிக்கும் பாடம்

"தாவரச் செல்லுக்குள் இருக்கும் பொருள்கள் வெளியேறாமல் காப்பது எது?" என்று கேட்டால், மாணவர்கள் பலர் "செல் சுவர்" என்றே விடையளிப்பர். 'சுவர்' என்ற சொல்லே அவர்களை அப்படி எண்ண வைக்கிறது. வரையறையை மீண்டும் மீண்டும் சொல்லுவதால் இப்பிழை நீங்குவதில்லை. ஓர் எளிய செயல்பாடு நீக்கிவிடும்.

செயல்பாடு

பீட்ரூட்டை ஒரே அளவுள்ள துண்டுகளாக வெட்டி, அலசும் நீரில் நிறம் இறங்காத வரை நன்கு அலசவும். வெட்டுப்பட்ட செல்களின் நிறமி இதனால் நீங்கும். ஒரு குவளையில் சாதாரண நீரும், மற்றொன்றில் ஏறத்தாழ 70° செல்சியஸ் சூடான நீரும் எடுத்து, இரண்டிலும் சம எண்ணிக்கையில் துண்டுகளை இடவும். சூடான நீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். 10 நிமிடம் கழித்து ஒப்பிடச் செய்க.

சூடான நீர் நன்கு சிவந்திருக்கும். சாதாரண நீரில் நிறம் மிகக் குறைவு. இப்போது கேளுங்கள்: "துண்டு உடைந்ததா? கரைந்ததா?" இல்லை. செல் சுவர் அப்படியே நிற்க, நிறமி மட்டும் கசிந்துள்ளது. எனில், அதுவரை காத்து நின்றது சுவர் அன்று. நுண்குமிழியைச் சூழ்ந்த சவ்வும் செல் சவ்வுமே. வெப்பத்தால் இவற்றின் லிப்பிட் அடுக்கு குலைந்து, புரதங்கள் இயல்பிழந்தன.

அமைப்பு

செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். கார்ட்டர், கிரென்டல் ஆகியோர் 1925இல் இரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிட்டைப் பிரித்து நீர்மேல் பரப்பினர். அதன் பரப்பு அணுக்களின் புறப்பரப்பைப்போல் சுமார் இருமடங்கு இருந்ததால், சவ்வு ஈரடுக்கு என்று முடிவு செய்தனர். பாஸ்போலிப்பிட்டின் நீர் விரும்பும் தலைகள் இருபுறமும் வெளிநோக்கியும், நீர் வெறுக்கும் வால்கள் உள்நோக்கியும் அமைந்துள்ளன. இந்த ஈரடுக்கில் புரதங்கள் பதிந்து, பல நகர்ந்தும் செல்கின்றன என்பதை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் பாய்ம மொசைக் மாதிரியாக விளக்கினர்.

பணி

ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு ஆகியவை லிப்பிட் அடுக்கினூடே எளிதில் செல்லும். அயனிகளுக்கும் குளுக்கோசுக்கும் புரதங்களின் உதவி தேவை. ஆகவே சவ்வை வெறும் சல்லடை என்று கூறுவது தவறு; துளையின் அளவு மட்டுமே இங்கு தீர்மானிப்பதில்லை.

வயிற்றுப்போக்கின்போது தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலை இங்கு எடுத்துக்காட்டலாம். சிறுகுடல் செல்களின் சவ்வில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே கடத்துகிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கரைசலில் இரண்டும் இருப்பது இதனால்தான். இக்கரைசல் உலகெங்கும் பல இலட்சம் குழந்தைகளின் உயிரைக் காத்துள்ளது.

மதிப்பீடு

1. உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் தண்ணீர் ஊற்றாமலேயே நீர் விடுவது ஏன்?
2. உப்பு-சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை சுவைக்காக மட்டுமா?

இவ்வினாக்களுக்கு மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடை கூறினால், பாடம் சென்று சேர்ந்தது எனக் கொள்ளலாம்.